அவள் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

1848 டிசம்பரில் லண்டனில் வெளிவந்த ‘குவார்ட்டர்லி ரெவ்யூ’ இதழில் எலிசபெத் ரிக்பி என்ற அம்மையார் ‘ஜேன் அயர்’ நாவலைக் கிழித்துத் தோரணம் கட்டினார். நாவல் வெளியாகி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவருடைய கோபங்களில் ஒன்றை என்னால் இன்றுவரை ஆற்றிக்கொள்ள முடியவில்லை. ஜேன் ஓர் அநாதை. ஆண்டவன் சித்தம் அது. ஆனாலும் உண்ணவும் உடுக்கவும் கிடைத்தது, படிப்பு கிடைத்தது, பழக நாலு பேர் கிடைத்தார்கள். அதற்கெல்லாம் அவள் ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லையாம். கடவுளுக்குக்கூடச் சொல்லவில்லையாம்.

எதற்கு அம்மா சொல்ல வேண்டும்? தீய்ந்த கஞ்சிக்கா? பத்து வயதில் மண்டை உடைந்ததற்கா? பிணம் கிடந்த அறையில் பூட்டி வைத்தார்களே, அதற்கா?

நான் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அங்கேதான் கொண்டுபோய் விட்டார்கள். நன்றி என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்குக் குலை நடுங்கும். அந்த வீட்டில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது அதுதான். வேலை செய்யச் சொன்னதைவிட, படிக்கச் சொன்னதைவிட, நன்றியோடு இருக்கச் சொன்னதுதான் அதிகம். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்காதே என்று காலையில் காப்பியோடு ஒரு தடவை, ராத்திரி சோற்றோடு ஒரு தடவை. அதனால் இந்த நாவலைக் காதல் கதை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காதல் பாதியில் வருகிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கூடவே வருவது ஒரு பிள்ளையின் கேள்வி: நான் யார் வீட்டுப் பிள்ளை?

ஜேன் வளர்ந்ததும் தாய்மாமன் வீட்டில்தான். கேட்ஸ்ஹெட் மாளிகையின் ரீட், அவள் அம்மாவின் உடன்பிறந்தவர். அம்மா ஓர் ஏழைப் பாதிரியாரைக் கட்டிக்கொண்டாள் என்று தாத்தா அவளுக்குச் சல்லிக்காசு கொடுக்காமல் தள்ளி வைத்தார். பாதிரியார் ஆலை நகரம் ஒன்றில் ஏழைகளைப் பார்க்கப் போய் டைஃபஸ் காய்ச்சலை வாங்கிக்கொண்டார். அது மனைவிக்கும் தொற்றியது. ஒரு மாத இடைவெளியில் இருவரும் போய்விட்டார்கள். கைக்குழந்தையை மாமன் தூக்கிக்கொண்டு வந்தார். தன் பிள்ளைகளைக் கவனித்ததைவிட இந்தப் பிள்ளையை அவர் அதிகம் கவனித்தார். அது பொறுக்காமல்தான் திருமதி ரீட் அதைத் தொட்டிலிலேயே வெறுத்தாள். மாமனும் சாகக் கிடந்தார். என் பிள்ளையைப் போல இவளையும் வளர்ப்பேன் என்று மனைவியிடம் வாக்கு வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார்.

அந்த வாக்கைத் திருமதி ரீட் காப்பாற்றிய விதத்தைத்தான் ரிக்பி அம்மையார் சோறு, துணி என்று கணக்கு எழுதினார்.

நவம்பர் மாதம், வெளியே மழை. சன்னல் திண்டில் காலை மடக்கி உட்கார்ந்து, சிவப்புத் திரையை இழுத்து விட்டுக்கொண்டு, ஜேன் ஒரு பறவைப் புத்தகம் பார்க்கிறாள். பியூவிக் எழுதிய பிரிட்டிஷ் பறவைகள் நூல். மாமன் மகன் ஜானுக்குப் பதினாலு வயது, இவளுக்குப் பத்து. எங்கள் புத்தகத்தை எடுக்க நீ யார் என்கிறான். நீ அண்டிப் பிழைப்பவள், உன் அப்பன் உனக்கு ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை, நீ பிச்சை எடுக்க வேண்டியவள், எங்கள் அம்மா காசில் உடுத்துகிறாய் என்கிறான். இந்த வீடே எனக்கு வரப்போகிறது என்கிறான். பிறகு அதே புத்தகத்தைத் தூக்கி அவள் மேல் வீசுகிறான். கதவில் மோதி அவள் தலை கிழிகிறது. ரத்தம் வழிய வழிய அவள் திருப்பி அடிக்கிறாள். குற்றவாளி யார்? அவள்தான்.

இரண்டு வேலைக்காரிகள் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நீ வேலைக்காரியைவிடக் கீழே, நாங்களாவது உழைத்துச் சாப்பிடுகிறோம் என்று ஒருத்தி சொல்கிறாள். எஜமானி உன்னை வெளியே விட்டால் ஏழைகள் விடுதிதான் கதி என்று மற்றவள். தண்டச்சோறு என்ற பட்டம் எந்த ஊரிலும் இப்படித்தான் சூட்டப்படுகிறது. பெரியவர்கள் வாயிலிருந்து பிள்ளைகள் வாய்க்கு, அங்கிருந்து அடுப்படிக்கு. கடைசியில் அந்தப் பிள்ளையே தன்னைப் பற்றி அப்படி நினைக்கத் தொடங்கும். அடி வலி ஆறிவிடும். இது ஆறாது.

எங்கள் மாமா வீட்டில் எல்லா எவர்சில்வர் தட்டிலும் பெயர் வெட்டியிருக்கும். மாமா பெயர், அத்தை பெயர், பிள்ளைகள் மூவரின் பெயர், அந்தந்தத் தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாக. என் தட்டில் இருந்தது யாரோ முன்பின் தெரியாதவர் பெயரும் ஒரு கல்யாணத் தேதியும். எந்தக் கல்யாணத்திலோ கொடுத்த தாம்பூலத் தட்டு. சாப்பிட்டு முடித்துக் குழம்பை வழித்தால் அந்தப் பெயர் தெரியும். பாத்திரக் கடைக்காரர் தெருவுக்கு வந்து பெயர் வெட்டிக்கொண்டிருந்த ஒருநாள், அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். அத்தை பார்த்துவிட்டு, “அதுல எதுக்குடி பேரு? இங்கயேவா இருக்கப் போற?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு யாராவது வந்து இது யாரு என்று கேட்டால், “நாத்தனார் பொண்ணு, நாங்கதான் வச்சிருக்கோம்” என்பார். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் சிரிக்க வேண்டும்.

சிவப்பு அறைக்கு வருகிறேன். மாமன் உயிர் விட்ட அறை அது. ஒன்பது வருடமாக யாரும் அங்கே படுப்பதில்லை, கணப்பு மூட்டுவதும் அரிது. இருட்டுகிறது. மாமா இருந்திருந்தால் என்னை அன்பாக வைத்திருப்பார் என்று குழந்தை நினைக்கிறாள். வாக்கு தவறிப்போனதைப் பார்த்து அவர் ஆவியே எழுந்து வந்துவிடுமோ என்று அடுத்த நொடியே நடுங்குகிறாள். தன்னை நேசித்த ஒரே மனிதர் வந்துவிடுவாரோ என்று அலறுகிறாள்! கதவு திறக்கிறது. திருமதி ரீட் அவளை உள்ளே தள்ளி மறுபடியும் பூட்டுகிறாள். குழந்தை மூர்ச்சையாகிறாள்.

அதன் பிறகு தனிப் படுக்கை, தனிச் சாப்பாடு. கிறிஸ்துமஸ் வந்தது, பரிசுகள் கை மாறின, அவளுக்கு ஒன்றும் இல்லை. கீழே விருந்துச் சத்தம் கேட்க, மேலே அவள் ஒரு பொம்மையைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள். சாயம் போன, பார்க்கச் சகிக்காத பொம்மை. அதற்குக் குளிரக் கூடாது என்று தன் இரவு உடைக்குள் வைத்துக்கொள்வாள். அது சூடாக, சந்தோஷமாக இருக்கிறது என்று நம்பினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

வைத்தியர் லாய்ட் அவளிடம் கேட்கிறார்: உன் அப்பா வழியில் ஏழைச் சொந்தம் யாராவது இருந்தால் போகிறாயா? வேண்டாம் என்கிறாள். அன்பானவர்களாக இருந்தாலுமா? தலையை ஆட்டுகிறாள். இதை வைத்து அவளைத் திமிர் பிடித்தவள் என்பவர்கள் உண்டு. அந்த வீட்டில் ஏழை என்பது வசவாகவே அவள் காதில் விழுந்திருக்கிறது. ஏழையும் அன்பாக இருக்க முடியும் என்று அவளுக்கு யார் காட்டினார்கள்? பத்து வயதுப் பிள்ளையிடம் இந்தப் பெரிய மனுஷத்தனத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது லோவுட். பிராக்கில்ஹர்ஸ்ட் என்ற பாதிரியார் நடத்தும் தர்மப் பள்ளி. ஆண்டுக்கு பதினைந்து பவுண்டு கட்ட வேண்டும், மிச்சத்தை தர்மவான்கள் போடுவார்கள். சேர்ப்பதற்கு முன்பே, இவள் பொய்க்காரி, எச்சரிக்கையாக இருங்கள் என்று திருமதி ரீட் அவரிடம் சொல்லி அனுப்புகிறாள். அதைவிடக் கொடுமை அதே மூச்சில் சொன்ன இன்னொன்று: விடுமுறைக்கும் இவளை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு எட்டு வருடம் அவளை யாரும் வீட்டுக்கு அழைக்கவில்லை. விடுதியில் இருந்த பிள்ளைகளுக்குத் தெரியும், விடுமுறை மணி அடிக்கும்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பது என்னவென்று.

லோவுட்டில் எண்பது பிள்ளைகள். குடத்துத் தண்ணீர் உறைந்து கிடக்கும், முகம் கழுவ முடியாது. கஞ்சி தீய்ந்து வாயில் வைக்க முடியாமல் இருந்த ஒரு காலையில், பெரிய டீச்சர் மிஸ் டெம்பிள் ரொட்டியும் சீஸும் கொடுக்கச் சொன்னார். உடம்பை வளர்த்து ஆன்மாவைப் பட்டினி போடுகிறாய் என்று பிராக்கில்ஹர்ஸ்ட் அவரைக் கடிந்துகொண்டார். ஒரு சிறுமிக்கு இயற்கையிலேயே சுருள் முடி. வெட்டு என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவியும் மகள்களும் வெல்வெட்டும் பட்டும் ரோமமும் போர்த்தி, வாங்கி வைத்த பொய்ச்சுருளோடு உள்ளே நுழைந்தார்கள். அதே நாள்தான் ஜேனை எல்லார் முன்னாலும் முக்காலியில் ஏற்றிப் பொய்க்காரி என்று அறிவித்தார். இவளோடு யாரும் பேசாதீர்கள், விளையாடாதீர்கள் என்றார். புதிதாக வந்த இடத்திலாவது நாலு பேர் நம்மை விரும்புவார்கள் என்று ஏங்கிய பிள்ளை. உண்மையான அன்பு கிடைக்குமென்றால் கை எலும்பை முறித்துக்கொள்ளவும், குதிரையிடம் உதை வாங்கவும் தயார் என்று தோழி ஹெலனிடம் சொன்ன பிள்ளை. அந்த ஹெலனும் காசநோயில், இவளைக் கட்டிக்கொண்டு தூங்கியபடியே செத்துப்போனாள். அந்த வசந்தத்தில் டைஃபஸ் பரவி, எண்பதில் நாற்பத்தைந்து பேர் படுத்தார்கள். தர்மவான் குடும்பம் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை.

இதெல்லாம் மிகை என்றார்கள். மிகை என்று சொன்னவர்களிடம் நான் இரண்டு தேதிகளைச் சொல்கிறேன். 1825 மே 6. 1825 ஜூன் 15. முதல் தேதியில் செத்தவள் மரியா பிராண்ட்டே, வயது 11. இரண்டாவதில் எலிசபெத், வயது 10. இருவரும் இந்த நாவலை எழுதிய சார்லோட் பிராண்ட்டேயின் அக்காக்கள். தாயை 1821-இல் பறிகொடுத்தவர்கள். கோவன் பிரிட்ஜில் காரஸ் வில்சன் என்ற பாதிரியார் நடத்திய பள்ளியில் படித்தவர்கள். எட்டு வயது சார்லோட் அவர்களோடு அங்கே இருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். ஹெலன் பர்ன்ஸ் என் அக்கா மரியாதான் என்று பிறகு சொன்னாள். 1857-இல் எலிசபெத் காஸ்கெல், சார்லோட்டின் வாழ்க்கை வரலாற்றில் அந்தப் பள்ளியின் பெயரைப் போட்டு எழுதியதும் பாதிரியாரின் ஆட்கள் கொதித்தெழுந்தார்கள். செய்தித்தாள்களில் சண்டை நடந்தது. மூன்றாம் பதிப்பில் காஸ்கெல் அந்தப் பகுதியைத் தணித்து எழுத வேண்டியதாயிற்று. சார்லோட் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டாள், பதில் சொல்ல அவளில்லை. தர்மம் செய்கிறவருக்கு அவப்பெயர் வரக் கூடாது என்பதில் எத்தனை பேருக்கு அக்கறை! அந்த இரண்டு பிள்ளைகளுக்காக ஒரு தாளில் இத்தனை பேர் சண்டை போட்டிருந்தால்?

இனி நான் சொல்லப்போவதுதான் என்னால் உட்கார்ந்து படிக்க முடியாத இடம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்துதான் படிப்பேன்.

ஜேனுக்குச் சொந்தம் இருந்தது. அப்பாவின் உடன்பிறந்தவர் ஜான் அயர். அவள் லோவுட்டில் இருந்தபோது அவளைத் தேடி கேட்ஸ்ஹெட்டுக்கே வந்தார். அவள் ஐம்பது மைல் தள்ளிப் பள்ளியில் இருக்கிறாள் என்றார்கள். கப்பலுக்கு நேரமாகிவிட்டது, ஏமாற்றத்தோடு போய்விட்டார். பிறகு மதீரா தீவிலிருந்து கடிதம் எழுதினார். எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வசதி இருக்கிறது, என் அண்ணன் தம்பி பிள்ளையை நான் வளர்க்கிறேன், எனக்குப் பின் எல்லாம் அவளுக்கு, முகவரி மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். திருமதி ரீட் பதில் எழுதினாள்: ஜேன் அயர் லோவுட்டில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

உயிரோடு இருக்கும் பிள்ளையைக் காகிதத்தில் கொன்றாள். வளர்க்கவும் மாட்டாள், வளர்க்க வந்தவரிடம் கொடுக்கவும் மாட்டாள். ஏன்? சிறுமியாக இருந்தபோது ஜேன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் முகத்துக்கு நேராக நின்று, நீங்கள் எனக்கு அத்தையே இல்லை, நீங்கள் செய்ததை எல்லாரிடமும் சொல்வேன் என்று குமுறிவிட்டாள். அந்தக் குமுறலை மன்னிக்க முடியாமல்தான் கடிதத்தை ஒளித்தாள். மூன்று வருடம் கழித்து, சாகக் கிடக்கும்போது அவளே வாயால் சொன்னது இது. அந்த மூன்று வருடத்தில்தான் ஜேன், உலகத்தில் தனக்கு ஆளில்லை என்று நினைத்து, வேலை வேண்டும் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துவிட்டு, முப்பது பவுண்டு சம்பளத்துக்கு முன்பின் தெரியாத தார்ன்ஃபீல்டு மாளிகைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனாள்.

மன்னித்தாளே அந்தப் பெண்! படுக்கையின் பக்கத்தில் குனிந்து, முழு மனசோடு மன்னித்துவிட்டேன் என்று சொல்லி, முத்தமிடக் கன்னத்தைக் காட்டினாள். கிழவி வாயை ஒட்டவில்லை. சாகும் நேரத்திலும் ஒட்டவில்லை. என்னால் ஜேன் செய்ததைச் செய்ய முடியாது. செய்யவும் விரும்பவில்லை.

அந்தச் சொந்தக்காரர் என்ன செய்தார் பாருங்கள். தார்ன்ஃபீல்டின் எஜமானர் ராச்செஸ்டரோடு கல்யாணம் நிச்சயமானதும் ஜேன் மதீராவுக்கு ஒரு கடிதம் போட்டாள். அவர் படுத்த படுக்கை. ஆனாலும் அந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிந்ததும் ஆள் அனுப்பி, தேவாலயத்துக்குள்ளேயே கல்யாணத்தை நிறுத்தினார். மணப்பெண் பக்கம் நிற்க ஒரு ஆள் இல்லாத கல்யாணம் அது. தோழி இல்லை, உறவு இல்லை. முகமே பார்க்காத ஒரு கிழவர் கடல் கடந்து நின்று அவளைக் காப்பாற்றினார். ஒரு பிள்ளைக்குக் கேட்பாரும் மேய்ப்பாரும் வேண்டும் என்று சொல்வது இதைத்தான். அவரைப் பார்க்காமலேயே அவள் காலம் போயிற்று. அவர் இறந்த பிறகு சொத்துதான் வந்தது.

அதற்கு முன்னால், கல்யாணம் நின்ற கையோடு தார்ன்ஃபீல்டை விட்டு வெளியேறி, அவள் தெருவில் நின்றாள். விட்கிராஸ் என்ற நாற்சந்தியில் கோச்சு இறக்கிவிட்டுப் போயிற்று. இருபது ஷில்லிங்கும் வண்டிக்கூலிக்குப் போய்விட்டது, மூட்டை வண்டியிலேயே தங்கிவிட்டது. கழுத்துக் கைக்குட்டையைக் கொடுக்கிறேன், ஒரு ரொட்டி தாருங்கள் என்று கடைக்காரியிடம் கேட்டாள். கிடைக்கவில்லை. ஒரு சிறுமி பன்றித் தொட்டியில் ஆறிப்போன கஞ்சியைக் கொட்டப் போனாள். எனக்குக் கொடுப்பாயா என்றாள் ஜேன். பிச்சைக்காரியாக இருந்தால் கொடு, பன்றிக்கு வேண்டாம் என்று உள்ளேயிருந்து தாயின் குரல் வந்தது. கட்டியாக உறைந்த கஞ்சியைச் சிறுமி கையில் கவிழ்த்தாள். ஜேன் விழுங்கினாள். பிரெஞ்சு தெரிந்த, ஓவியம் தெரிந்த, இரண்டு வருடம் டீச்சராக இருந்த பெண்.

அவளை உள்ளே எடுத்துக்கொண்ட மூவர், பின்னால் பார்த்தால், சொந்த அத்தை பிள்ளைகள். அது தெரிந்த அன்றுதான் சொத்தும் தெரிய வந்தது, இருபதாயிரம் பவுண்டு. பணச் செய்தியைக் கேட்டு மலைத்து உட்கார்ந்தவள், எனக்கு ஒரு அண்ணனும் இரண்டு அக்காக்களும் இருக்கிறார்கள் என்று கேட்டதும் கையைத் தட்டிக் குதித்தாள். அங்கேயே பணத்தை நாலாகப் பங்கிட்டாள், ஆளுக்கு ஐயாயிரம். பணத்தின் அருமை உனக்குத் தெரியவில்லை என்று எடுத்துச் சொன்னான் அந்த அண்ணன், செயிண்ட் ஜான். அவனுக்குத் தெரியவில்லை, அவள் எதற்கு விலை கொடுத்தாள் என்று. நம் ஊர்க் கணக்கில் முறைமாப்பிள்ளை. அவளுக்கு அவன் அண்ணனாக வேண்டியிருந்தது. அவனோ என்னைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்கு ஊழியம் செய்ய வா, நீ உழைக்கப் பிறந்தவள், காதலுக்குப் பிறந்தவள் இல்லை என்றான். அநாதைப் பெண் என்றால் எல்லாருக்கும் இந்த நினைப்பு வந்துவிடும். நமக்கு ஏதாவது வேலைக்கு ஆவாள்! அவள் முடியாது என்றாள். அந்த முடியாதுக்காக நான் அவளைக் கும்பிடுகிறேன்.

இத்தனைக்குப் பிறகு, கடைசி அத்தியாயத்தில் அவளே என்னைக் கைவிட்டாள். தார்ன்ஃபீல்டில் அவள் பாடம் சொல்லிக்கொடுத்த அடேல் நினைவிருக்கிறதா? பாரிஸ் நடனக்காரி ஒருத்தியின் மகள். தாய் விட்டுவிட்டுப் போனவள். ராச்செஸ்டர் தன் பிள்ளை என்று ஒப்புக்கொள்ளாதவள். அந்தக் கதை தெரிந்த அன்று ஜேன் அவளை மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுச் செல்லத்தைவிட ஆளில்லாத பிள்ளைதான் எனக்கு வேண்டும் என்றாள். கடைசியில் ராச்செஸ்டரையே கட்டிக்கொண்டதும் அடேலைப் பள்ளியில் போய்ப் பார்த்தாள். வெளிறி, மெலிந்து, சந்தோஷமில்லாமல் இருந்த பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பிறகு கண் தெரியாத கணவனுக்கே நேரம் போதவில்லை என்று மறுபடியும் பள்ளிக்கு அனுப்பினாள். அன்பான பள்ளிதான், பக்கத்தில்தான், அடிக்கடி போய்ப் பார்த்தாள், சரி. ஆனால் அந்தப் பத்தியை அவள் முடிக்கும் இடத்தில் என் கண் நிலைகுத்தி நின்றுவிட்டது. நான் செய்த சிறு உபகாரத்துக்கெல்லாம் அடேல் தன் நன்றியுள்ள நடத்தையால் நன்றாகவே ஈடு செய்துவிட்டாள் என்று எழுதுகிறாள் ஜேன்.

ஈடு செய்தாளா? சிவப்பு அறையில் கிடந்தவள் நீ. முக்காலியில் நின்றவள் நீ. நீயுமா ஜேன் கணக்கு எழுதி வைத்தாய்? அந்தப் பிள்ளை உனக்கு என்ன கடன்பட்டிருந்தது?